35 வயதில் திடீரென்று இறால் ஒத்துக்கொள்ளவில்லை, கரப்பானுக்கும் அலர்ஜி என்கிறது ரிப்போர்ட்

முத்துநகர்க்காரி:
பிறந்து வளர்ந்தது தூத்துக்குடி. பல் முளைத்ததிலிருந்து இறால் தின்றவள். போன மாதம் ஒரு ஞாயிறு, இறால் தொக்கு. கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகவில்லை, கழுத்தெல்லாம் திட்டுத்திட்டாகத் தடித்து ஒரே அரிப்பு, உதடும் வீங்கிவிட்டது. மாமியார் "காணாக்கடி, ஏதோ பூச்சி கடிச்சிருக்கு" என்று வேப்பிலை பறிக்கப் போனார். நான் ஆட்டோ பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

அப்புறம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் இறாலுக்கு எதிரான ஐஜிஇ (அலர்ஜியில் வரும் எதிர்ப்புப் புரதமாம்) பாசிட்டிவ். கூடவே கரப்பான்பூச்சிக்கும், வீட்டுத் தூசியில் இருக்கும் உண்ணிக்கும் பாசிட்டிவ். கரப்பானை நான் எப்போது தின்றேன்? டாக்டர் கிளம்புகிற அவசரத்தில் "ஐஜிஇ என்பது புழுவுக்கு எதிரான ஆயுதம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பூச்சி மாத்திரை போட்டால் சரியாகிவிடுமா?

நாகைப் பையன்:
அக்கா, நன்றாக வேகவைத்து, தினம் ஒன்று இரண்டாகத் தின்று பாருங்கள். உடம்பு பழகிவிடும்.

பழைய லேப்காரன்:
தம்பி, இந்த யோசனையை இன்னொருவருக்குச் சொல்லாதே. அந்தப் புரதம் கொதிக்கவைத்தாலும் அழியாது. உதடு வீங்கியவருக்கு அடுத்த முறை தொண்டை வீங்கலாம்.

தங்கச்சி, நான் டாக்டர் இல்லை. 31 வருடம் மைக்ராஸ்கோப் பார்த்தவன், அவ்வளவுதான். கிருமி என்றால் வெள்ளணு விழுங்கிவிடும். ஒரு சாண் நீள நாக்குப்பூச்சியை எப்படி விழுங்கும்? அதற்குத்தான் வேறு வழி. குடல் சுவரில் மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்கள் ஐஜிஇ-யைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும். புழுவின் புரதம் பட்டதும் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டும். சளி சுரக்கும், குடல் முறுக்கும், புழுவை வெளியே தள்ளப் பார்க்கும். ஈசினோபில்கள் என்ற ஒருவகை வெள்ளணுக்கள் ஓடிவந்து தங்கள் துகள்களைப் புழுக்குஞ்சின் மேல் கொட்டும். ஸ்லைடில் அந்தத் துகள்கள் செம்பருத்தி நிறத்தில் பளிச்சென்று தெரியும், எனக்கு அலுக்காத காட்சி. அதே ஹிஸ்டமின் கழுத்துத் தோலில் கொட்டினால், மாமியார் சொன்ன காணாக்கடி.

ரத்தத்தில் ஐஜிஇ இருப்பதே துளியூண்டு. 1966-ல்தான் அமெரிக்காவின் டென்வரில் விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியர் அதைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் அலர்ஜிக்காரர்களின் ரத்தத்திலிருந்து.

கரப்பானுக்கு வருவோம். இறாலின் தசையில் ட்ரோபோமயோசின் என்று ஒரு புரதம் உண்டு. நண்டு, கரப்பான், தூசி உண்ணி எல்லாம் இறாலின் பங்காளிகள், அவற்றிலும் ஏறக்குறைய அதே புரதம்தான், அதனால் ஒன்றுக்கு எதிரான ஐஜிஇ மற்றதையும் பிடித்துக்கொள்ளும். நாக்குப்பூச்சியில் இருப்பதும் அதற்கு நெருக்கமானது. ஆடு, கோழியிலும் இருக்கிறது, ஆனால் நம்முடையதைப் போலவே இருப்பதால் உடம்பு கண்டுகொள்ளாது. கரப்பானைத் தின்றிருக்க வேண்டியதில்லை, அதன் எச்சமும் செத்த தூளும் மூச்சில் போனாலே போதும். உங்களுக்கு எது முதலில் தொடங்கியது என்று ரிப்போர்ட்டை வைத்துச் சொல்ல முடியாது.

பூச்சி மாத்திரையான அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும். இறாலுக்கு எதிரான ஐஜிஇ-யை அது தொடாது. இனி மூச்சு முட்டினாலோ தலை சுற்றினாலோ செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரையை நம்பி வீட்டில் உட்காராதீர்கள். தொடையில் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முத்துநகர்க்காரி:
நன்றி அண்ணா. அப்படியானால் மீனும் போச்சா? சீலா இல்லாமல் எங்கள் வீட்டில் ஞாயிறே கிடையாது.

பழைய லேப்காரன்:
மீன் அலர்ஜிக்குப் பெரும்பாலும் பார்வால்புமின் என்ற வேறு புரதம் காரணம். இதுவரை ஒத்துக்கொண்ட மீனை டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இறால் பொரித்த எண்ணெயில் மட்டும் மீனைப் போடாதீர்கள். நெத்திலிக் கருவாட்டையும் கிளறிப் பார்த்து வாங்குங்கள், குட்டி இறால் கலந்து கிடக்கும்.

முத்துநகர்க்காரி:
ஐயோ, காய்ந்த குட்டி இறாலை இடித்த சென்னாக்கூனிப் பொடி ஒரு டப்பா நிறைய இருக்கிறது. மாமியார் ரசத்தில்கூடத் தூவுவார். இப்போதே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறேன்.