ஆட்டிசம் உள்ள பெண் நடிகர் தேவை, உதவுங்கள்

சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்கு அப்பாவும் மகளும் காரில் போகும் சிறு பட்ஜெட் சுயாதீனப் படம். மகளாக நடிக்க ஆட்டிசம் உள்ள 18–22 வயதுப் பெண் தேவை. திரையில் ஆட்டிசம் என்றாலே கணக்கில் புலியான பையன்தான். அந்த அச்சு வேண்டாம். ஆட்டிசம் இல்லாதவர் நடித்தால், ஆட்டிசம் உள்ள பலர் செய்வதுபோல் மகள் கையை உதறுவது வெறும் சைகையாகிவிடும், எதற்காக உதறுகிறாள் என்பது தொலைந்துபோகும்.

சிக்கல் கார்க் காட்சிகளில்தான். ஒலி சுத்தமாகப் பதிய ஜன்னலை ஏற்றி ஏசியை நிறுத்த வேண்டும். சில நிமிடங்களில் உள்ளே புழுங்கிவிடும். அதனால் ஒரு டேக் 3 நிமிடத்தைத் தாண்டாது. இடைவேளையில் ஏசி, இரைச்சல் கேட்காமலிருக்கக் காதை முழுதாக மூடும் ஹெட்ஃபோன். மறுநாள் எடுக்கும் காட்சிகள் வரைபடங்களாக வரிசைப்படி முதல்நாளே நடிப்பவர் கைக்கு வரும்; அந்த வரிசை மாறாது.

ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் யாராவது திரைக்கதையைப் படித்துத் திருத்தித் தர முடியுமா? இரண்டு வேலைக்கும் சம்பளம் உண்டு. தெரிந்தவர்களிடம் கேட்டுச் சொல்லுங்கள்.