சால்னாவுக்குக் கசகசா வேணுமா, பொட்டுக்கடலை போதுமா?

சிம்மக்கல் செல்வி:
போன ஞாயித்துக்கிழமை பிள்ளைகளோட ஒரு பரோட்டா கடைக்குப் போனோம். சால்னாவைத் தொட்டு வாயில வச்சதும் சின்னவன், "இனிக்குதும்மா"ன்னான். நானும் பார்த்தேன். முந்திரியும் பொட்டுக்கடலையும்தான் இருக்கு, கசகசா துளிகூட இல்ல.

எங்கம்மா கறி எடுத்த அன்னிக்குக் கசகசாவை வெந்நியில ஊறப்போட்டுட்டுத்தான் அடுப்பையே பத்த வைப்பாக. 20 நிமிஷம் ஊறணும். அப்புறம் தேங்காய், சோம்போட அம்மியில இழைக்கணும். முதல்ல நறநறன்னு கேக்கும். அந்தச் சத்தம் அடங்கி, விழுது வெண்ணெய் மாதிரி கல்லுல வழுக்கணும், அப்பத்தான் வழிச்செடுப்பாக. மதுரைச் சால்னாவுக்கு உயிரே அந்த விழுதுதான். அதைப் போடாம சால்னான்னு பேர் சொல்லி ஊத்துறது தப்பு.

மாட்டுத்தாவணி மாஸ்டர்:
அக்கா, நான் கடை நடத்துறவன். ஒரு ராத்திரிக்கு 40 லிட்டர் சால்னா வைக்கிறேன். பரோட்டாவுக்குத்தான் காசு, சால்னா எத்தனை தடவை கேட்டாலும் ஊத்துவோம். நீங்க சொல்ற பதத்துக்கு 300 கிராம் கசகசா வேணும். கிலோ 1,500 ரூபாய்னு வச்சாலும் ராத்திரிக்கு 450, மாசத்துக்கு 13,500. அது என் கடையில ஒரு ஆள் சம்பளம். யாரை நிறுத்தட்டும்?

இன்னொண்ணு, சாயங்காலம் 6 மணிக்கு வச்ச சால்னா 12 மணி வரைக்கும் அடுப்புல கிடக்கணும். கசகசா அரைச்சு ஊத்தினா அடிப்பிடிக்கும். வீட்டுக் கறிக்குழம்பையும் கடைச் சால்னாவையும் ஒரே தராசுல நிறுக்காதீங்க.

சிம்மக்கல் செல்வி:
காசுக் கணக்கு எனக்கும் தெரியும் தம்பி. வீட்டுல ஒரு கிலோ கறிக்கு 2 டீஸ்பூன் போடுறேன், 6 கிராம் இருக்கும். 9 ரூபாய்தான். ஆனா வீட்டுலயே நிறையப் பேர் "விலை ஜாஸ்தி"ன்னு விட்டுட்டாங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல.

பொட்டுக்கடலை மாவு மாதிரி நாக்குல ஒட்டும். கசகசாவுல ஏறக்குறைய பாதி எண்ணெய். அதான் குழம்பு கெட்டியாவும் இருக்கும், வழவழன்னும் இறங்கும். முந்திரி போட்டா இனிப்பு முன்னால வந்து சோம்பு, பட்டை வாசத்தை அமுக்கிடும்.

உசிலம்பட்டிக்காரன்:
ரெண்டு பேரும் விலையைப் பத்தியே பேசுறீக. நம்ம ஊர்ல வெளைஞ்சா இந்தப் பேச்சே வராதுல்ல? எள்ளு போடுற நிலம் எங்ககிட்ட இருக்கு. மத்தியப் பிரதேசத்துக்காரன் போடலாம், நான் போடக் கூடாதா? இது ஓரவஞ்சனை.

கீழமாசி வீதி மளிகை:
தம்பி, கோபம் நியாயமானது, ஆனால் அந்தச் செடி எள்ளு மாதிரி இல்லை. கசகசா காய்க்கும் அதே காயைப் பச்சையில் கீறினால் வடிவதுதான் அபின். 1985 போதைப்பொருள் சட்டப்படி உரிமம் இல்லாமல் ஒரு செடி வளர்த்தாலும் குற்றம். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், இந்த மூன்று மாநிலங்களில் அரசு குறித்துக் கொடுத்த பகுதிகளில்தான் உரிமம். நீமச், மந்த்சௌர், சித்தோர்கர் பக்கம் நவம்பர் வாக்கில் விதைத்து, குளிரில் வளர்த்து, பிப்ரவரி, மார்ச்சில் கீறுகிறார்கள். வடிந்த அபின் பாலை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். குறித்த அளவு வராவிட்டால் அடுத்த வருடம் உரிமம் கேள்விக்குறி. காய்ந்த காயில் இருக்கும் விதை மட்டும்தான் விவசாயி சந்தையில் விற்றுக்கொள்ளக்கூடியது. அது நம் தேவைக்குப் போதாமல்தான் துருக்கியிலிருந்தும் வருகிறது. உசிலம்பட்டி வெயிலுக்கு அது ஆகாது, அந்தக் கெடுபிடியும் உங்களுக்கு வேண்டாம்.

உசிலம்பட்டிக்காரன்:
வெயில் கணக்கை ஒத்துக்கிறேன். கெடுபிடி வேண்டாம்னு நீங்க முடிவு பண்ணாதீங்கண்ணே. கெணத்துல தண்ணி இல்லாதவனுக்கு எந்தக் கெடுபிடி புதுசு?

கீழமாசி வீதி மளிகை:
சரி தம்பி, அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விலை ஏறினதிலிருந்து கலப்படமும் ஏறிவிட்டது. வடக்கே ராஜ்கிரா என்கிற வெள்ளைக் கீரை விதையைக் கலக்கிறார்கள். உள்ளங்கையில் பரப்பி லென்ஸ் வைத்துப் பாருங்கள். கசகசா அவரை விதை போல ஒரு பக்கம் வளைந்து, மேலே வலை பின்னியது போல் இருக்கும். கீரை விதை வட்டமாக, வழவழப்பாக, ஓரத்தில் விளிம்போடு இருக்கும். பழைய சரக்கு காறல் அடிக்கும், மோந்து பார்த்து 50 கிராமாக வாங்குங்கள்.

அவனியாபுரம் மதினி:
ஊடால ஒரு விஷயம். துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போற பிள்ளைககிட்ட கசகசாவைக் குடுத்து விடாதீங்க. அரைச்ச கறிமசாலாவுல கலந்தும் குடுக்காதீங்க. அங்க அது தடை செஞ்ச பொருள், ஜெயில் வரைக்கும் போகும். விதையில போதை இல்லதான், ஆனா காய்ப்பால் மேல ஒட்டியிருக்கும். நம்ம ஊர்ல கைக்குழந்தை தூங்கட்டும்னு கசகசாப் பால் குடுக்குற பழக்கத்தையும் அதுக்காகவே நிறுத்தணும்.

மாட்டுத்தாவணி மாஸ்டர்:
செல்வி அக்கா, ருசியில நீங்க சொல்றது சரி, அதை நான் மறுக்கல. அடிப்பிடிக்கிறதுக்கு வழி சொல்லுங்க.

சிம்மக்கல் செல்வி:
மொத்த அண்டாவுலயும் விடாதீங்க தம்பி. பொட்டுக்கடலையைப் பாதியாக் குறைச்சு, 100 கிராம் கசகசாவை மட்டும் தனியா அரைச்சு வச்சுக்கோங்க. ராத்திரிக்கு 150 ரூபாய்தான் ஆகும். பரிமாற வாளியில எடுக்கும்போது ஒரு கரண்டி விழுதைக் கலந்து, சின்னத் தீயில 5 நிமிஷம்.

மாட்டுத்தாவணி மாஸ்டர்:
விழுது 12 மணி வரைக்கும் தாங்குமா? நம்ம ஊர் வெக்கைக்குப் புளிச்சுப் போயிடாது?

சிம்மக்கல் செல்வி:
தேங்காயைச் சேர்த்து அரைச்சா புளிக்கும். தேங்காயை அண்டாவுலயே விட்டுடுங்க. கசகசாவைத் தனியா அரைச்சு ஐஸ்பெட்டியில வைங்க, வேணுங்கிறப்ப எடுத்துக்கலாம்.

மாட்டுத்தாவணி மாஸ்டர்:
வெள்ளிக்கிழமை ஒரு வாளிக்கு மட்டும் போட்டுப் பாக்குறேன். மறுபடி எந்த வாளிச் சால்னாவைக் கேக்குறாங்கன்னு எண்ணிட்டு வந்து எழுதுறேன்.