நல்லா நடமாடிக்கிட்டிருந்த அப்பா மூணே வாரத்துல படுத்துட்டார். எதைச் சோதிக்கணும்?

உசிலைப்பக்கம்:

அப்பாவுக்கு 74 வயசு, எடை 58 கிலோ. ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே. போன மாசம் வரைக்கும் விடிகாலையில பால் கறந்து, சைக்கிள் மிதிச்சுப் போய் சொசைட்டியில ஊத்திட்டு வருவார். இப்ப மூணு வாரமா பகல் முழுக்கத் தூக்கம். எழுந்து நின்னா தள்ளாடுறார். சாப்பாடு பாதியாக் குறைஞ்சுபோச்சு, உப்பில்லாத கஞ்சிதான் குடிக்கிறார். பொழுது சாஞ்சா பேச்சு மாறுது. இறந்துபோன பெரியப்பா வாசல்ல நிக்கிறதாச் சொல்றார். காலையில கேட்டா தெளிவாப் பேசுறார். காய்ச்சல் இல்லை.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 ரெண்டு வேளை, கிளிமிபிரைடு 2 காலையில. ஆஸ்பிரின் 75. பிரஷர் மாத்திரையை அஞ்சு வாரத்துக்கு முன்னால மாத்தினாங்க, தெல்மிசார்டான் 40 ஹெச். அரிப்புக்குக் கடையில வாங்கின ஒரு மாத்திரை ராத்திரியில போடுறார். பிரஷர் மாத்திரை மாத்தின அதே சமயத்துல தொழுவத்துல வழுக்கி விழுந்து தலையில லேசா பட்டது; ரத்தம் வரலை, அதோட விட்டுட்டோம். ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துட்டு "வயசாயிருச்சுல்ல"ன்னு அனுப்பிட்டாங்க. இது வயசுதானா, மறதி நோயா?

வார்டு சிஸ்டர்:

தம்பி, வயசு மூணு வாரத்துல ஆளைச் சாய்க்காது. மறதி நோயும் அப்படி வராது, அது மாசக்கணக்கா வருஷக்கணக்கா ஊறி வரும். காலையில தெளிவு, பொழுது சாஞ்சா குழப்பம், பகல் முழுக்க மந்தம்னா அதுக்குப் பேரு டெலிரியம். உடம்புல வேற எங்கேயோ கோளாறு இருந்து மூளையைக் கலைக்குதுன்னு அர்த்தம். கத்திக் கூச்சல் போடுற ஆளை எல்லாரும் கவனிப்பாங்க. சத்தமில்லாமச் சுருண்டு படுக்கிறவரை அசதின்னு விட்டுருவாங்க.

வீட்டிலேயே சோதிக்கலாம். கிழமைகளை ஞாயிறு, சனி, வெள்ளின்னு பின்னாலிருந்து சொல்லச் சொல்லுங்க. நடுவுல தொலைச்சிட்டு முழிச்சா கவனம் நிக்கலைன்னு அர்த்தம். காலையிலயும் சாயங்காலமும் கேட்டு ரெண்டையும் எழுதி வைங்க.

பிரஷரைப் படுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு ஒரு தடவை பாருங்க. எழுந்து நின்ன ஒரு நிமிஷத்துலயும், மூணாவது நிமிஷத்துலயும் திரும்பப் பாருங்க. மேல் எண் 20 இல்ல கீழ் எண் 10 இறங்கினா தள்ளாட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுலயே இருக்கு. நிக்கும்போது ஒருத்தர் பிடிச்சுக்கணும்.

காய்ச்சல் இல்லைன்னு நிம்மதி ஆக வேண்டாம். முதியவங்களுக்கு நிமோனியாகூடக் காய்ச்சல் இல்லாம வரும். தோட்டம், புல்லறுப்புன்னு இருக்கிறவர். அக்குள், தொடையிடுக்கு, அரைஞாண் கயிறுக்குக் கீழே சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. ஸ்க்ரப் டைஃபஸ்ங்கிற கிருமி நோயைப் பரப்புற பூச்சி துணியும் கயிறும் இறுக்குற இடத்துலதான் அதிகம் கடிக்கும், வலிக்காது. கண்டுபிடிச்சா டாக்சிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாடிக்குக்குக் கேட்கும்.

மூத்திரம் எவ்வளவு போகுதுன்னும் பாருங்க. சொட்டுச் சொட்டாப் போய் அடிவயிறு கெட்டியா இருந்தா உள்ளே தேங்கி நிக்குது. இன்னொண்ணு: மூத்திரக் கல்ச்சர்ல (கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை) கிருமின்னு வந்ததும் காரணம் கிடைச்சிருச்சுன்னு தேடலை நிறுத்த விடாதீங்க. எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாத முதியவங்ககிட்டயும் கிருமி இருக்கிறது சாதாரணம். அதுக்கு ஆன்டிபயாடிக் போட்டுட்டு உண்மையான காரணத்தைக் கோட்டை விடுறது நிறைய நடக்குது.

மாத்திரைச்சீட்டு:

அண்ணே, எனக்கு முதலில் கண்ணில் படுவது அந்த 'ஹெச்'. அது ஹைட்ரோகுளோரோதயசைடு, உப்பை மூத்திரத்தில் வெளியேற்றும் மருந்து. முதியவர்களுக்கு இது ரத்தத்தில் சோடியத்தைச் சாய்க்கும், பெரும்பாலும் தொடங்கிய முதல் சில வாரங்களில். அதோடு உப்பில்லாக் கஞ்சியும் வெயிலுக்கு நிறையப் பச்சைத் தண்ணீரும் சேர்ந்தால் இன்னும் வேகமாக இறங்கும். நீங்கள் எழுதியிருக்கும் மந்தம், தள்ளாட்டம், குழப்பம், பசியின்மை நான்கும் சோடியம் குறைவோடு அப்படியே பொருந்துகின்றன. சர்க்கரையும் ஹீமோகுளோபினும் பார்த்தால் இது தெரியாது; ரத்தத்தில் உள்ள உப்புகளை அளக்கும் எலக்ட்ரோலைட் சோதனை என்று தனியாக எழுத வேண்டும். சோடியத்தின் சரியான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். 125க்குக் கீழே வந்தால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துத்தான் ஏற்ற வேண்டும், அதுவும் 24 மணி நேரத்தில் 8 அளவுக்குள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைத்தண்டு நிரந்தரமாகச் சேதமாகலாம். ஆகவே வீட்டில் உப்புக் கரைசல் குடிக்க வைக்கும் வேலை வேண்டாம்.

அடுத்தது கிளிமிபிரைடு. சாப்பாடு பாதியான பிறகும் மாத்திரை முழு அளவில் போகிறது. மந்தமாக இருக்கும் நேரத்திலேயே குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து விழுங்கவும் முடிந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறிவிட்டது என்று விடக் கூடாது, இந்த மாத்திரையால் சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் இறங்கும்; ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதே சரி. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

அரிப்பு மாத்திரை குளோர்பெனிரமினா என்று அட்டையைப் பாருங்கள். அது முதியவர்களுக்குக் குழப்பம், மலச்சிக்கல், மூத்திர அடைப்பு மூன்றையும் கொண்டு வரும். அதை இன்றிரவே நிறுத்தலாம். மற்ற மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். எழுதிய டாக்டரிடம் இன்றே போனில் கேளுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் மாத்திரையும் தனியார் டாக்டர் எழுதியதும் ஒன்றாக ஓடுகிறதா? அங்கே மூலப்பெயர், இங்கே கம்பெனிப் பெயர். ஒரே மருந்தை இரண்டு தடவை விழுங்குவது வீட்டில் யாருக்கும் தெரியாது. வீட்டிலுள்ள அத்தனை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், தைலமும் சூரணமும் உட்பட.

பெரியாஸ்பத்திரி ரோடு:

மருந்து விஷயம் சரிதான். ஆனால் அந்தத் தலை அடியை யாரும் தொடவில்லை. வயதில் மூளை சற்றுச் சுருங்குவதால் மேலுறைக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். லேசான அடியிலும் கிழியும். ரத்தம் மெதுவாகச் சேர்ந்து, இரண்டு வாரமோ ஆறு வாரமோ கழித்துத்தான் ஆளைச் சாய்க்கும். அவர் ஆஸ்பிரின் வேறு போடுகிறார். சாயமில்லாத சாதாரண சி.டி. ஸ்கேன் போதும், சில நிமிட வேலை. ரத்தம் தேங்கி இருந்தால் மண்டையோட்டில் சிறு துளையிட்டு வடிக்கலாம். பழைய நிலைக்குத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். சோடியம் குறைவு என்று ரிப்போர்ட் வந்தாலும் இந்த ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒன்றாக இருக்கலாம்.

கேட்க வேண்டிய மற்றவை: பொட்டாசியம், கால்சியம், கிரியேட்டினின், தைராய்டு, மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி. சர்க்கரைக்காரர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வரும். மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உசிலைப்பக்கம்:

ரொம்ப நன்றி. படுத்து 148/84, நின்ன ஒரு நிமிஷத்துல 122/74. சர்க்கரை 96. கிழமை சொல்லும்போது வியாழன்ல நின்னுட்டார். பொருக்கு எதுவும் இல்லை. அரிப்பு மாத்திரை குளோர்பெனிரமின்தான். நாளைக்கு மறுநாள் டவுன்ல டாக்டர் அப்பாயின்ட்மென்ட் இருக்கு, காத்திருக்கலாமா?

வார்டு சிஸ்டர்:

காத்திருக்க வேண்டாம் தம்பி, இன்னைக்கே கிளம்புங்க. மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல எலக்ட்ரோலைட்டும் சி.டி.யும் ஒரே இடத்துல முடியும். எழுப்ப எழுப்ப எழுந்திருக்கலைன்னாலோ, வாந்தி, வலிப்பு, வாய் கோணல், ஒரு கை தளர்வு எது வந்தாலும் காரைத் தேடாம 108ஐக் கூப்பிடுங்க.

அங்கே போய் "அசதியா இருக்கார்"னு ஆரம்பிக்காதீங்க. ஒரு தாளில எழுதிக் கொடுங்க: போன மாசம் வரை சைக்கிள் ஓட்டினார், மூணு வாரமாக் குழப்பம், தலையில அடி, ஆஸ்பிரின், புது மாத்திரையில ஹெச், நின்னா பிரஷர் 26 இறங்குது. நாற்பது நோயாளியைப் பார்க்கிற ட்யூட்டி டாக்டருக்கு அந்த ஆறு வரி பெரிய உதவி.

கண்ணாடி, பல்செட் மறக்காதீங்க. காது மெஷின் இருந்தா அதையும். ராத்திரி தெரிஞ்ச முகம் ஒண்ணு பக்கத்துல இருக்கணும். எழுந்து அலைஞ்சா கட்டிப் போடச் சம்மதிக்காதீங்க, தூக்க ஊசியும் கேட்காதீங்க. ரெண்டுமே குழப்பத்தைக் கூட்டும். டாக்டர் சரின்னதும் மறுநாளே உட்கார வெச்சு சோறு ஊட்டுங்க, பிடிச்சுக்கிட்டே பாத்ரூம் வரைக்கும் நடக்க விடுங்க.