சனி, ஞாயிறு போன் இல்லாமல் இருக்க எங்கே போகலாம்? சென்னையிலிருந்து மூன்று பேர்

போரூர்வாசி:
வணக்கம். நானும் மனைவியும் ஐடியில் வேலை பார்க்கிறோம், மகள் ஏழாம் வகுப்பு. வீட்டில் மூன்று பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்போம், ஆனால் மூன்று பேர் கையிலும் ஆளுக்கொரு திரை. சாப்பிடும்போதுகூட அப்படித்தான். இது எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது. ஜனவரி கடைசியில் அல்லது பிப்ரவரியில் ஒரு வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்புகிற மாதிரி எங்காவது போகலாம் என்று இருக்கிறோம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும், பையில் அணைத்து வைத்துக்கொள்வது எங்களிடம் நடக்காது. என் அம்மா வீட்டில் தனியாக இருப்பார், அவருக்கு அவசரம் என்றால் எங்களைப் பிடிக்க ஒரு வழி வேண்டும். சிக்னலே இல்லாத ஊராக இருந்தால் நல்லது என்று தோன்றுகிறது. கொல்லிமலை, வால்பாறை எல்லாம் பார்த்தேன். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

கிரிவலப்பாதை:
திருவண்ணாமலை போங்கள். ரமணாசிரமத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டால், இடம் இருந்தால் அறை கொடுப்பார்கள், வாடகை என்று எதுவும் கேட்பதில்லை. தரையில் இலை போட்டுச் சாப்பாடு. காலையும் மாலையும் வேதபாராயணம், தியான அறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம். கிரிவலம் 14 கிலோமீட்டர், விடியலுக்கு முன்னால் ஆரம்பித்தால் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம். பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், அன்றைக்கு ஊர் முழுக்கக் கூட்டம்.

அமைதிவிரும்பி:
விபாசனா தியான வகுப்பை நினைத்துப் பார்த்தீர்களா? சென்னைக்குப் பக்கத்திலேயே திருமுடிவாக்கத்தில் மையம் இருக்கிறது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள், பேச்சு, படிப்பு, எழுத்து எதுவும் கிடையாது.

போரூர்வாசி:
நன்றி. விபாசனாவுக்கு முதல்முறை போகிறவர்கள் 10 நாள் இருக்க வேண்டுமாம், சின்ன வகுப்புகள் எல்லாம் அதை முடித்தவர்களுக்குத்தானாம். அதோடு நாங்கள் மூன்று பேரும் ஒருவரோடு ஒருவர் பேசத்தான் போகிறோம், அதனால் பேசாமல் இருப்பது இப்போதைக்கு வேண்டாம். திருவண்ணாமலை எனக்குப் பிடிக்கும், மகளுக்கு அங்கே பொழுது போகுமா என்றுதான் தெரியவில்லை.

ஜவ்வாதுக்காற்று:
சகோ, முதலில் அந்த "சிக்னல் இல்லாத ஊர்" யோசனையை விட்டுவிடுங்கள். மலையில் தங்கும் விடுதிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இது: போனைக் கையில் வைத்துக்கொண்டு சிக்னல் இல்லாத இடத்துக்கு வருகிறவர்கள், ஒரு புள்ளியாவது கிடைக்காதா என்று மொட்டைமாடிக்கும் ரோட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார்கள், வீட்டில் இருந்ததைவிட அதிகமாக அதையே நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் போனையே கொண்டுபோகவில்லை என்றால் சிக்னல் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? உங்கள் அம்மாவை நினைத்தால் சிக்னலும் ரிசப்ஷனில் போன் எடுக்க ஆளும் உள்ள இடம்தான் சரி. கொல்லிமலை அருமையான இடம், ஆனால் 70 கொண்டை ஊசி வளைவு, சென்னையிலிருந்து இரண்டு நாளில் போய்வந்தால் பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும். வால்பாறை அதைவிடத் தூரம்.

நான் சொல்வது ஏலகிரி, அப்புறம் காவலூர். வெள்ளிக்கிழமை மாலை சென்ட்ரலில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால் ராத்திரி ஜோலார்பேட்டையில் இறங்கிவிடலாம். அங்கேயே தங்கிவிட்டுக் காலையில் மலை ஏறுங்கள். மொத்தம் 14 வளைவுதான், பாரதியார், பாரதிதாசன், கம்பர் என்று வளைவுகளுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், மகள் படித்துக்கொண்டே வருவாள். மேலே புங்கனூர் ஏரி, படகு, கொஞ்சம் நடை. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம், சின்ன ஊர், அதுதான் உங்களுக்கு வசதி.

போன் இல்லாமல் இருப்பதில் கஷ்டமான நேரம் பகல் கிடையாது. பகலில் நடப்போம், சாப்பிடுவோம், வேடிக்கை பார்ப்போம், அது பாட்டுக்குப் போய்விடும். இருட்டியபிறகு ஏழு மணியிலிருந்து தூங்கும்வரை இருக்கிறதே, அங்கேதான் எல்லோரும் தடுமாறுவது. அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன செய்யப்போகிறோம் என்று முடிவு செய்யாமல் எந்த ஊருக்குப் போனாலும் சனிக்கிழமை ராத்திரி அறையில் டிவியைப் போட்டுவிடுவீர்கள். அதற்காகத்தான் காவலூர் சொல்கிறேன். ஜவ்வாது மலையில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம், இந்திய வான் இயற்பியல் நிறுவனம் நடத்துவது. 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது, யுரேனசுக்கு வளையங்கள் இருப்பது 1977-ல் தெரியவந்தபோது அங்கிருந்து எடுத்த பதிவுகளும் அதில் சேர்த்தி. சனிக்கிழமைகளில் பொதுமக்களை அனுமதிக்கிறார்கள், வானம் தெளிவாக இருந்தால் இருட்டியபின் சின்னத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கவும் விடுவார்கள். நேரத்தைக் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமைக்கு ஒரு வாடகைக் காரை நாள் முழுக்கப் பேசிக்கொள்ளுங்கள், ராத்திரி திரும்ப வேண்டும் என்பதையும் டிரைவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வாணியம்பாடி, ஆலங்காயம் வழியாகப் பாதை.

உள்ளே அனுமதி கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு, வெறும் கண்ணுக்கே போரூரில் தெரியாத வானம் தெரியும். மகளின் நட்சத்திரம் என்ன? பஞ்சாங்கத்தில் சொல்கிற அந்த நட்சத்திரத்தை நிஜமாகவே வானத்தில் காட்டுங்கள்.

போரூர்வாசி:
ரோகிணி. அதைக் கண்ணால் பார்க்கலாம் என்று எனக்கே தோன்றியதில்லை!

கீழ்க்கட்டளை அக்கா:
தம்பி, இடத்தை அவர் நன்றாகவே சொல்லிவிட்டார். நான் ஏற்பாட்டைச் சொல்கிறேன், ஏனென்றால் போனை வீட்டில் வைத்தால் அதோடு கடிகாரம், அலாரம், டார்ச், பர்ஸ், மேப், டிக்கெட், கேமரா எல்லாமே வீட்டில் தங்கிவிடுகிறது. இதில் ஒன்று இல்லாமல் போனாலும் "அடுத்த முறை போனை எடுத்துக்கொள்வோம்" என்று வந்துவிடும், அப்புறம் அடுத்த முறை இதே முயற்சி நடக்காது.

பணம் கையில் இருக்கட்டும், அதில் பாதி நூறும் ஐம்பதுமாக. மலையில் டீக்கடையில் ஐந்நூறை நீட்டினால் சில்லறை இருக்காது, ஜிபே பண்ணச் சொல்வார்கள். ரயில் டிக்கெட்டை, போகவும் வரவும், பிரிண்ட் எடுங்கள். ஆதார் அசல் அட்டை வேண்டும், போனில் இருப்பது உதவாது. விடுதிக்கு முன்னாலேயே பணம் கட்டி ரசீதையும் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கைக்கடிகாரம், அறைக்கு ஒரு டார்ச். கார் டிரைவர் நம்பரைத் தாளில் எழுதுங்கள், அவரிடம் எத்தனை மணிக்கு எங்கே நிற்பீர்கள் என்று உறுதியாகப் பேசிவிடுங்கள், நடுவில் கூப்பிட்டு மாற்ற முடியாது. இதற்கு முன்னால் எல்லோரும் இப்படித்தான் ஊருக்குப் போய்வந்தோம், பயப்பட ஒன்றும் இல்லை.

அம்மா விஷயம் முக்கியம். விடுதி நம்பர், டிரைவர் நம்பர் இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவரிடமும் கொடுங்கள். விடுதிக்காரரிடம் "அம்மாவிடமிருந்து போன் வந்தால் எந்த நேரமானாலும் கதவைத் தட்டுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். இன்னும் மனம் ஒப்பவில்லை என்றால் ஒரு பட்டன் போன் எடுத்துக்கொள்ளுங்கள், தப்பே இல்லை. அதில் வேறொரு சிம் போட்டு, அந்த நம்பரை அம்மாவுக்கு மட்டும் கொடுங்கள். உங்கள் சிம்மைக் கழற்றி மாற்றாதீர்கள், திரும்பப் போடும்போது சில பேங்க் ஆப் மறுபடி சரிபார்க்கச் சொல்லும். ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போனில் வேலை செய்யாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபீசில் "முடிந்தால் பதில் சொல்கிறேன்" என்று சொல்லாதீர்கள். திங்கள் காலைதான் கிடைப்பேன் என்று நேரடியாகச் சொல்லுங்கள்.

பள்ளிக்கரை:
ஒன்றே ஒன்று. மகளிடம் இதைத் தண்டனை மாதிரி அறிவிக்காதீர்கள். நான் பள்ளியில் வேலை பார்க்கிறேன், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு முதல் கோபமே அப்பா அம்மா லேப்டாப்பை மூடாமல் தன் போனை மட்டும் பிடுங்குகிறார்கள் என்பதுதான். நீங்கள் இரண்டு பேரும் உங்கள் போனை முதலில் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை உங்கள் அம்மாவிடம் கொடுங்கள், அவள் பார்க்கட்டும். ஏலகிரியில் என்ன செய்யலாம் என்ற பட்டியலை அவளையே போடச் சொல்லுங்கள். முதல் நாள் கொஞ்சம் முகத்தைத் தூக்கிவைத்திருப்பாள், அதை உடனே சரிசெய்ய ஓடாதீர்கள். சலிப்பாக இருந்தால் இருக்கட்டும், கொஞ்ச நேரத்தில் அவளே ஏதாவது ஆரம்பிப்பாள். சீட்டுக்கட்டும் ஒரு நோட்டும் பென்சிலும் போதும், பை நிறைய விளையாட்டுச் சாமான் வேண்டாம்.

போரூர்வாசி:
எல்லோருக்கும் நன்றி. மனைவியிடம் காட்டினேன், ஏலகிரி, காவலூர் என்று முடிவாகிவிட்டது. சாவியை அம்மாவிடம் கொடுப்பது நல்ல யோசனை. ரோகிணியை எப்படிக் கண்டுபிடிப்பது? போனில் ஆப் இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது.

ஜவ்வாதுக்காற்று:
ரொம்பச் சுலபம். பிப்ரவரி தொடக்கத்தில் ஏழரை மணி வாக்கில் அண்ணாந்து பாருங்கள். மூன்று நட்சத்திரம் ஒரே கோட்டில் வரிசையாக நிற்கும், அதைத் தவறவிடவே முடியாது. அந்தக் கோட்டை வடமேற்குப் பக்கம் நீட்டிக்கொண்டே போனால் செம்மஞ்சளாக ஒரு பிரகாசமான நட்சத்திரம், அதுதான் ரோகிணி. அதே கோட்டில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் சின்னக் கொத்தாகக் கார்த்திகை, அதில் எத்தனை தெரிகிறது என்று மூன்று பேரும் எண்ணிப் பாருங்கள். அந்த மூன்றுக்கு வடக்கே சிவப்பாக இருப்பது திருவாதிரை. இதை ஒரு தாளில் வரைந்து எடுத்துப் போங்கள், டார்ச் மேல் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொண்டால் தாளைப் பார்த்தாலும் கண் கூசாது.

தேதியை அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பாருங்கள், வீட்டு காலண்டரிலேயே இருக்கும். பௌர்ணமிப் பக்கம் போனால் நிலா வெளிச்சத்தில் பாதி நட்சத்திரம் தெரியாது. ஸ்வெட்டர் மறக்க வேண்டாம், அங்கே ராத்திரி குளிரும்.