பச்சையைத் தூக்கிட்டு இறக்கின கதை

வாவிக்கரை:
முதலாம் வருசம், மெக்கானிக்ஸ். எந்த கம்பஸ் எண்டு வேணாம். நாலு நிற அட்டை விளையாட்டு தெரியும்தானே: சேர் கேள்வி கேப்பார், ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறம், எங்கட விடைட நிற அட்டையைத் தூக்கிக் காட்டணும். சேர் தன்ர மோட்டர்சைக்கிள் திறப்பை நேரா மேல எறிஞ்சு பிடிச்சார். "உச்சியில நிக்கிற கணத்தில ஆர்முடுகல், அதாவது வேகம் மாறுற வீதம், என்ன?" நான் பச்சை: கீழ்நோக்கி 9.8. தூக்கிட்டுப் பார்த்தா முன்வரிசை முழுக்க மஞ்சள், பூச்சியம். எல்லாம் உயர்தரத்தில பௌதிகம் ஏ எடுத்த பொடியன்மார். மெல்லமா பச்சையை இறக்கி மஞ்சளைப் பிடிச்சன். சேர் கண்டுட்டார். ஒண்டும் சொல்லல்ல, "பக்கத்தில கதைங்க" எண்டார். பக்கத்தில இருந்த அக்கரைப்பற்றுப் புள்ளயும் மஞ்சள்தான். அவவே யோசிச்சு, "வேகமும் பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம் எண்டா திறப்பு அங்கயே நிண்டிருக்குமே?" எண்டுட்டு பச்சைக்கு மாறினா. நான் அவட்டப் படிச்ச மாதிரித் தலையாட்டினன்.

கல்லடியான்:
வாக்கெடுக்கிறது தேர்தலுக்கு. எங்கட சேர் செமஸ்டர் முழுக்க இதைச் செஞ்சு, சுழற்சி இயக்கம் தொடாமலே முடிஞ்சுது. பேப்பரில வந்தது அதுதான்! பலகை நிறைய எழுதின மெடத்திட்டத்தான் நான் படிச்சன்.

சம்மாந்துறை டெமோ:
கல்லடியான், படிச்ச *மாதிரி இருந்தது* எண்டு சொல்லுங்க. 2019இல ஹார்வர்ட் ஆய்வு ஒண்டு வந்தது: ஒரே பாடம், ஒரு குழுவுக்கு நல்ல விரிவுரை, மற்றதுக்குத் தாங்களே செய்து பார்க்கிறது. விரிவுரை கேட்டவங்க கூடப் படிச்சதா நினைச்சாங்க. சோதனையில மற்றவங்கதான் மேல. எனக்கும் வாவிக்கரைக்கு நடந்ததுதான் நடந்தது, அதை விடுவம். அட்டையைத் தூக்கிப் பிடிக்கிறதே பிழை. நெஞ்சோட பிடிக்க வையுங்க, மூண்டு எண்ணி ஒரே நேரம் திருப்பணும். இப்பிடி வாக்கெடுத்துக் கதைக்க விடுறதை 1991இல தொடங்கின ஹார்வர்ட் பௌதிகப் பேராசிரியர் எரிக் மசூர்ர முறையில சரியான விடை 30க்கும் 70 வீதத்துக்கும் இடையில இருந்தாத்தான் கதைக்க விடுறது. குறைஞ்சா திரும்பப் படிப்பிக்கணும், கூடினா சும்மா தாண்டிப் போகலாம். பாடம் முடியாமப் போறது, புள்ளைகள் வீட்டில வாசிச்சிட்டு வராததால. மசூரும் வாசிச்சிட்டு வரச் சொல்லித்தான் தொடங்கினவர். ஆகவே முதல்ல வாசிப்புக்கு நாலு புள்ளி போடுங்க, பிறகு...

பழையபெட்ச்:
காத்துத்தடையைச் சேர்த்தா பச்சையும் பிழைதானே?

வாவிக்கரை:
டெமோ, நான் வழி கேக்கல்லகா. சேர் கண்டவர், அவ்வளவுதான்.
பழையபெட்ச், காத்தோட்டம் இல்லாத மண்டபத்தில உச்சியில வேகம் இல்ல, வேகம் இல்லாட்டி தடையும் இல்ல. பச்சைதான். இந்த முறை இறக்க மாட்டன்.