கலைச்சொல் உதவி: 'ரா' கோப்புக்கு ஒரு தமிழ்ச்சொல் (புதிய கேமரா கையேட்டுக்காக)

மடல் 1 – கையேட்டைத் தொகுப்பவர்

அன்புடையீர், வணக்கம்.

புதிய கேமராவுக்கு மாறியவர்கள் தொடக்கத்தில் சந்திக்கும் அமைப்பு, மென்பொருள் சிக்கல்களுக்கான தமிழ்க் கையேடு ஒன்றைத் தொகுத்து வருகிறோம். ஃபர்ம்வேருக்கு நிலைபொருள், சென்சாருக்கு உணரி, ஒயிட் பேலன்சுக்கு வெண்சமநிலை என்று முன்பே புழக்கத்தில் உள்ள சொற்களையே எடுத்துக்கொண்டோம். கேமரா, லென்ஸ், ஜேபெக் (வழக்கமான படக்கோப்பு வடிவம்) ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டோம். கடைக்குப் போய் 'வில்லை' கொடுங்கள் என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. உணரி பதிந்த தரவைப் படமாக ஆக்காமல் கேமரா சேமித்துவைக்கும் 'ரா' (RAW) கோப்பில்தான் வேலை முடங்கி நிற்கிறது.

இதுவரை 'மூலக்கோப்பு' என்று எழுதி வந்தோம். அது போதாது என்பதை ஒரு நேர்வைக் கொண்டு விளக்குகிறேன். 2016இல் வந்த கேனான் 5டி மார்க் 4 வைத்திருந்த ஒருவர், 2020இல் வந்த கேனான் ஆர்6 வாங்குகிறார். அவருடைய கணினியில் இருப்பது ஒரே தடவை பணம் கட்டி வாங்கிய, அடோபி நிறுவனத்தின் படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் 6. அதன் கடைசிப் பதிப்பான 6.14, 2017 டிசம்பரில் வெளிவந்ததோடு அந்த வரிசை நின்றுவிட்டது. ஆகவே ஆர்6 எழுதும் சிஆர்3 என்ற 'ரா' வகைக் கோப்புகளை அதனால் திறக்க முடியாது. புதிய கேமரா வாங்கிய கையோடு அவர் புதிய வன்தட்டு ஒன்றையும் வாங்கி, பழைய படங்களை எல்லாம் அதற்கு நகர்த்திவிட்டார் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மென்பொருள் அவருக்கு இரண்டு செய்திகளைக் காட்டும். பழைய படங்களுக்கு, அசல் கோப்பு இருந்த இடத்தில் இல்லை என்று சொல்லும். புதிய படங்களுக்கு, இந்தக் கேமராவின் 'ரா' எனக்குத் தெரியாது என்று சொல்லும்.

எங்கள் வரைவில் முதலாவது 'மூலக்கோப்பைக் காணவில்லை' என்றும், இரண்டாவது 'மூலக்கோப்பைத் திறக்க இயலவில்லை' என்றும் அமைந்துவிட்டன. படிப்பவர் இரண்டையும் ஒரே நோயின் இரண்டு குறிகளாகவே எடுத்துக்கொள்வார். ஆனால் முதலாவதற்கு மருந்து, கோப்பு எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குக் காட்டிக்கொடுப்பது. இரண்டாவதற்கு மருந்து, மென்பொருளைப் புதுப்பிப்பது அல்லது அடோபி இலவசமாகத் தரும் மாற்றியைக் கொண்டு கோப்புகளை டிஎன்ஜி என்ற பொதுவான 'ரா' வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது. இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாவம், நல்ல மெமரி கார்டைப் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார். போதாக்குறைக்கு, நிரலாக்கத்தில் சோர்ஸ் ஃபைல் என்பதற்கும் 'மூலக்கோப்பு' என்றே பலர் எழுதுகிறார்கள்.

'ரா' என்றே விட்டுவிடலாமே என்பார்கள். பேச்சில் அது நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எழுத்தில் 'ரா கோப்புகள்' என்று தலைப்பிட்டால், செய்தித்தாள் படிப்பவருக்கு இந்தியாவின் 'ரா' உளவு அமைப்பின் நினைவுதான் முதலில் வரும். அன்பர்கள் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

மடல் 2 – யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் அம்மையாரின் பதில்

வணக்கம் ஐயா.

முன்பு ஒருமுறை இதே சொல்லுக்குக் 'கச்சாக்கோப்பு' என்று சிலர் பரிந்துரைத்தது நினைவிருக்கிறது. அதை மீண்டும் எவரும் எடுப்பதற்கு முன்னர் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் கச்சா எண்ணெய் என்று நாள்தோறும் படிப்பதால் அந்தச் சொல் உங்களுக்குப் பழகியிருக்கலாம். இலங்கையில் நாங்கள் அதை மசகு எண்ணெய் என்றே எழுதுகிறோம். உங்கள் ஊரில் மசகு என்றால் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய் என்பதும் தெரியும். ஒரே எண்ணெய்க்கு இரு கரையிலும் இரு பெயர் இருக்கும்போது, அதிலிருந்து ஒரு கேமராச் சொல்லை உருவாக்குவது வீண் வேலை.

எனது முன்மொழிவு 'பசுங்கோப்பு'. சூளையில் வைக்காத பானையைத் திருக்குறள் 660 'பசுமண் கலம்' என்கிறது. பச்சரிசி, பச்சைமண், பச்சைப்பால் என்று இன்றும் இரு நாட்டிலும் எல்லோருக்கும் விளங்கும் பொருளில் அந்த வேர் உயிரோடு இருக்கிறது. வேகாத, சுடாத, இன்னும் பக்குவப்படுத்தாத ஒன்று என்ற கருத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமென்று நான் நினைக்கவில்லை. இன்னொரு பொருத்தமும் உண்டு. வெண்சமநிலை (வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறத் திருத்தம்) எதுவும் செய்யாமல் அந்தத் தரவை அப்படியே திரையில் காட்டினால், படம் உண்மையிலேயே பச்சையாகத்தான் தெரியும்!

மடல் 3 – படக்கலையும் நிரலாக்கமும் அறிந்த ஓர் உறுப்பினர்

மதிப்பிற்குரிய இருவருக்கும் வணக்கம்.

அம்மையாரின் 'பசுங்கோப்பு' செவிக்கு இனிமையாக இருக்கிறது. குறளைத் துணைக்கு அழைத்துவிட்டதால் எதிர்த்துப் பேசவும் தயக்கமாக இருக்கிறது. ஆயினும் மூன்று தடைகளைச் சொல்லியாக வேண்டும். நிறத்தைக் கையாளும் ஒரு மென்பொருளில், சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒவ்வொரு பலகத்திலும் எழுதியிருக்கும் இடத்தில், பசுமையை வேறு பொருளில் நுழைப்பது குழப்பத்தை விலைக்கு வாங்குவது. 'பச்சைப் படம்' என்று சுருக்கிப் பேசத் தொடங்கினால் அதன் விளைவு என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. இவ்விரண்டையும் பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாவதுதான் முதன்மையானது: அந்தக் கோப்பு பச்சையாக இருப்பதில்லை.

கச்சா, பச்சை, பண்படாத என்ற எல்லாச் சொற்களும், கேமரா எதையும் தொடாமல் அப்படியே கொடுத்துவிட்டது என்ற ஓர் உறுதிமொழியைத் தருகின்றன. ஒரு காலத்தில் அது ஏறத்தாழ உண்மையாக இருந்திருக்கலாம். இன்று ஆர்6 கேமராவில் 'சி-ரா' என்ற தேர்வை வைத்தால், தரவின் ஒரு பகுதியை இழந்து சுருக்கியே கோப்பு எழுதப்படுகிறது. 2021இல் வந்த நிக்கான் இசட்9 கேமராவின் உயர்செயல்திறன் வகைக் கோப்பும் அப்படியே. அரிசிக் கணக்கில் சொன்னால், பச்சரிசி என்று ஒட்டிய மூட்டைக்குள் பல வேளைகளில் புழுங்கலரிசிதான் இருக்கிறது. பெயரை நம்பி ஏமாறுபவர் புதிதாகக் கேமரா வாங்கியவராகவே இருப்பார்.

ஆகவே கோப்பின் பக்குவத்தைக் கொண்டு பெயரிடுவதை விட்டுவிட்டு, அது எதைப் பதிவுசெய்கிறதோ அதைக் கொண்டு பெயரிடலாம் என்பது என் கருத்து. 'உணரிக்கோப்பு' என்பதை முன்மொழிகிறேன். உணரி என்ற சொல்லைத் தொகுப்பாளர் முன்பே ஏற்றுக்கொண்டிருப்பதால், புதிதாகக் கற்க வேண்டியது எதுவும் இல்லை.

இந்தப் பெயர் சிக்கல் தீர்ப்பதற்கு எப்படி உதவும் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கேமராக்களின் உணரி மேல், கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற நிற வடிகட்டி அமைப்பே இன்றும் இருக்கிறது. உணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தின் அளவை மட்டும் பதிகிறது. பாதிப் புள்ளிகள் பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் உரியவை. 14 பிட்டு கோப்பானால் ஒவ்வொரு புள்ளிக்கும் 16,384 படிகளில் ஓர் எண் இருக்கும். அந்த எண்களைப் படமாக்க வேண்டுமானால், எந்த எண்ணைக் கருப்பாகக் கொள்வது, எந்த எண்ணுக்கு மேல் புள்ளி நிறைந்துவிட்டதாகக் கொள்வது, இந்த வடிகட்டியின் சிவப்பு உலகத்துச் சிவப்போடு எப்படிப் பொருந்துகிறது என்பவற்றை மென்பொருள் அறிந்திருக்க வேண்டும். இவை பெரும்பாலும் கேமரா மாதிரிக்கு மாதிரி வேறுபடுபவை. கோப்பின் உள்ளே எழுதியிருக்கும் மாதிரிப் பெயரைப் படித்து, தன்னிடமுள்ள பட்டியலில் அது இருக்கிறதா என்று மென்பொருள் தேடுகிறது. இல்லையென்றால் திறக்க மறுக்கிறது, அல்லது நிறம் பிசகிய படத்தைக் காட்டுகிறது.

இதில் இன்னொரு தடங்கலும் சேர்ந்துகொள்வதுண்டு. 5டி மார்க் 4 எழுதிய சிஆர்2 கோப்பு, டிஃப் என்ற படக்கோப்பு வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. 2018இல் கேனான் எம்50 கேமராவோடு அறிமுகமான சிஆர்3, எம்பி4 காணொளிக் கோப்புகளின் உள்கட்டமைப்பைக் கொண்டது. ஓர் எண் கூடியதுபோல வெளியில் தெரிந்தாலும், உள்ளே வீடே வேறு. படம் திருத்தும் கட்டற்ற மென்பொருளான டார்க்டேபிள்கூட 2021 டிசம்பரில் வந்த 3.8 பதிப்பில்தான் சிஆர்3 கோப்புகளைத் திறக்கத் தொடங்கியது. ஆகவே, 'நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது, மென்பொருள் கெட்டுவிட்டதா?' என்று கேட்பவரிடம், 'மென்பொருள் கெடவில்லை. உங்கள் புதிய கேமராவின் உணரிக்கோப்பை அது இன்னும் அறியவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லலாம். மூலக்கோப்பு என்றோ பசுங்கோப்பு என்றோ வைத்துக்கொண்டு இதைச் சொன்னால், 'ஏன் அறியவில்லை?' என்ற அடுத்த கேள்விக்கு ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கும்.

மக்கள் அடிக்கடி தடுமாறும் இன்னோர் இடம், கோப்புறையைத் திறந்ததும் சிறு படங்கள் அழகாகத் தெரிவதும், ஒன்றைச் சொடுக்கினால் சாம்பல் நிறக் கட்டமும் எச்சரிக்கையும் வருவதும் ஆகும். கோப்பு நலமாக இருப்பதற்கு அந்தச் சிறு படத்தைச் சான்றாகக் காட்டி வாதிடுவோர் உண்டு. உணரிக்கோப்பின் உள்ளே, கேமரா தானே ஆக்கி ஒட்டிவைத்த ஒரு ஜேபெக் இருக்கிறது. கணினி காட்டியது அதைத்தான். புதிய கேமராவின் முதுகுத் திரையில் பளிச்சென்று இருந்த படம் கணினியில் ஒரு கணம் அப்படியே தெரிந்துவிட்டு உடனே வெளிறிப்போவதற்கும் அதுவே காரணம்: முதலில் வந்தது ஒட்டிவைத்த ஜேபெக், பின்னர் வந்தது மென்பொருள் தன் கணக்கில் உணரியின் எண்களிலிருந்து ஆக்கிய படம். கேமராவில் தேர்ந்தெடுத்த படப்பாணியை (நிறமும் பளிச்சும் எப்படி அமைய வேண்டும் என்ற தேர்வை) பல மென்பொருள்கள் தாமாகப் பின்பற்றுவதில்லை. உணரி, ஒட்டுப்படம் என்ற இரு சொற்கள் இருந்தால் போதும். கையேட்டின் இந்தப் பகுதி பாதியாகச் சுருங்கிவிடும்.

ஸ்டூடியோக்காரர்களின் சொல் ஒன்றையும் எடைபோட்டுப் பார்த்தேன். ஃபிலிமை டெவலப் செய்வதைத் தமிழில் 'கழுவுதல்' என்றுதான் சொல்லி வந்தோம். அந்த வகையில் 'கழுவாப்படம்' என்பது தொழிலுக்குள்ளிருந்தே பிறந்த பொருத்தமான சொல். ஆனால் இன்றைக்கு ஒரு படத்தைக் கழுவுவது என்றால், விமர்சகர்கள் அதைக் கழுவி ஊற்றுவது என்றே இளைஞர்கள் புரிந்துகொள்வார்கள். மனமில்லாமல்தான் அதை விடுகிறேன்.

மடல் 4 – கையேட்டைத் தொகுப்பவர்

அன்புடையீர்,

இருவருக்கும் நன்றி. 'உணரிக்கோப்பு' என்பதை ஏற்கலாம் என்று தோன்றுகிறது. ஒவ்வோர் இயலிலும் முதன்முறை வரும்போது மட்டும் 'ரா எனப்படும் உணரிக்கோப்பு' என்று எழுதி, பிறகு தனிச்சொல்லாகவே ஆள்வோம். அசல் கோப்பு என்பதை வன்தட்டில் இருக்கும் முதற்படிக்கு மட்டும் ஒதுக்கிவிடுகிறோம். 'மூல' என்ற முன்னொட்டைக் கையேட்டிலிருந்து அறவே நீக்குகிறோம். தொடக்கத்தில் சொன்ன இரு செய்திகளும் இனி இப்படி அமையும்: 'அசல் கோப்பு இந்த இடத்தில் இல்லை. அது இருக்கும் கோப்புறையைக் காட்டவும்.' 'இந்தக் கேமராவின் உணரிக்கோப்பை இப்பதிப்பு அறியாது. மென்பொருளைப் புதுப்பிக்கவும், அல்லது கோப்பை டிஎன்ஜி வடிவத்துக்கு மாற்றவும்.'

'ஒட்டுப்படம்' என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. வெட்டி ஒட்டிய படம் என்று பொருள்பட்டு, போலிப்படம் என்ற எண்ணத்தை அது உண்டாக்கிவிடும். 'உட்படம்' என்றால் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கும். கோப்பின் உள்ளே இருப்பது என்பதும் விளங்கும்.

இதோடு தொடர்புள்ள இன்னொரு சொல்லையும் முடித்துவிடலாம். திருத்தங்களைத் தாங்கி உணரிக்கோப்பின் அருகில் கிடக்கும் எக்ஸ்எம்பி கோப்பை 'உடன்கோப்பு' என்று அழைக்கிறோம். புதிய கேமராவில் எண்கள் மறுபடியும் 0001இலிருந்து தொடங்குவதால், பழைய கேமராவின் அதே பெயரும் எண்ணும் உள்ள கோப்பும் புதியதும் ஒரே கோப்புறையில் வந்து சேர வாய்ப்புண்டு. அடோபி மென்பொருள்கள் கோப்புப் பெயரின் இறுதியில் வகையைக் காட்டும் பின்னொட்டை நீக்கிவிட்டு உடன்கோப்புக்குப் பெயரிடுவதால், சிஆர்2 ஒன்றும் சிஆர்3 ஒன்றும் ஒரே உடன்கோப்புக்கு உரிமை கொண்டாடும். ஒன்றுக்குச் செய்த திருத்தம் மற்றொன்றின் மேல் ஏறிவிடும். டார்க்டேபிள் பின்னொட்டையும் சேர்த்தே பெயரிடுவதால் அங்கே இந்தத் தகராறு இல்லை. கேமராக்களுக்குத் தனித்தனிக் கோப்புறை வைத்துக்கொள்ளுமாறு கையேட்டில் எழுதியிருக்கிறோம். படங்களைக் கணினிக்கு மாற்றும்போதே பெயரின் முன்னால் நாளைச் சேர்த்துக்கொள்வதும் நல்லது.

எஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. உணரியின் எண்களிலிருந்து மூன்று நிறங்களையும் நிரப்பிய பிறகு டிஎன்ஜி உறைக்குள் வைக்கும் வகை உண்டு அல்லவா, அதை 'நேரியல் டிஎன்ஜி' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்திருக்கிறோம். ஆனால் பயனருக்கு அதிலிருந்து எதுவும் விளங்காது. 'நிறம் நிரப்பிய டிஎன்ஜி' என்று வைக்கலாமா என்று எண்ணுகிறேன். அம்மையார் 'புழுங்கல் டிஎன்ஜி' என்று சொல்லமாட்டார் என நம்புகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமைக்குள் மறுப்பு எதுவும் வராவிட்டால், இந்தச் சொற்களோடு கையேட்டின் வரிகளை ஏற்றிவிடுகிறேன்.