தீயணைப்பு, காவல்துறை போன்றோரின் வானொலிப் பேச்சைப் பிடிக்கும் ஸ்கேனரின் பதிவுகளைக் கணினியில் தானாக ஒலிக்கவிடுவோர்: மறக்க முடியாத ஓர் அனுபவத்தைப் பகிருங்கள்

மலையடிவாரம்:

2020 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் மலைப்பகுதியில் மின்னலால் தீப் பற்றிய வாரம் அது. கணினியில் செருகும் சிறிய வானொலி வாங்கியான ஓர் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிளால் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கவனிக்க முடியும் என்பதால், மாநிலத் தீயணைப்புத் துறையின் 151 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைகள் பலவற்றையும் ஒருசேரப் பதிவுசெய்து, வரும் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கூடத்துக் கணினியில் ஒலிக்க விட்டிருந்தேன். சாதாரண நாட்களில் பேச்சு முடிந்த சில நொடிகளுக்குள் கோப்பு ஒலித்துவிடும். அன்றோ ஐந்தாறு அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு நிமிடத்திற்குள் நான்கு நிமிடப் பேச்சு பதிவானால் மீதி மூன்று நிமிடமும் வரிசையில்தானே நிற்க வேண்டும்?

மாலையில் எங்கள் தெருப் பெயரைச் சொல்லி ஒரு குரல் வண்டி கேட்டது. பதற்றமே இல்லாத, நிதானமான குரல். அடுத்த கணமே என் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, உறங்கிக்கொண்டிருந்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, கடவுச்சீட்டுகள் இருந்த பையை எடுக்கச் சொன்னார். சாவியை எடுக்கும்போது திரையைப் பார்த்தேன். கோப்பின் நேரம் 15:12 என்று இருந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஏழு மணி நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வண்டி வந்து, வேலையை முடித்துவிட்டுப் போயே வெகுநேரம் ஆகியிருக்கும்.

அன்றிரவே ஒரு வரம்பு வைத்துவிட்டேன். பத்து நிமிடத்திற்கு மேல் பழையதாகிவிட்ட கோப்பு ஒலிக்காது; கோப்புறையில் மட்டும் இருக்கும். ஆனாலும் அந்தக் குரலில் அது பழையது என்று காட்டும் அறிகுறி எதுவுமே இல்லாமற்போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

சோழநாட்டான்:

மலையடிவாரம் அவர்களே, உங்கள் பத்து நிமிட வரம்பை என்னால் ஏற்க முடியவில்லை. நேரலை வேண்டுமென்றால் ஸ்கேனரையே திறந்து வைத்துக்கொள்ளலாமே! பணிக்குப் போய்விட்டு வந்து, வீட்டில் இல்லாத நேரத்தில் நடந்ததைக் கேட்பதற்காகத்தான் என்னைப் போன்றவர்கள் பதிவே செய்கிறோம். பழையதைத் தள்ளிவிட்டால் மிஞ்சுவது என்ன?

என் அனுபவம் வேறு வகை. எங்கள் கவுண்டியில் (மாவட்டம் போன்றது) பி25 ட்ரங்க்டு அமைப்பு, அதாவது பல குழுக்கள் சில அலைவரிசைகளைப் பகிர்ந்துகொள்ளும் டிஜிட்டல் வானொலி. பதிவுக்கு டிரங்க் ரெக்கார்டர் என்ற மென்பொருள். அதைப் பயன்படுத்துவோருக்குத் தெரியும், கோப்புப் பெயரில் முதலில் டாக்-குரூப் எண்ணும் (பேசும் குழுவின் எண்) அதன் பிறகே நேரமும் வரும். நான் நிறுவியிருந்த இலவச ஒலிப்பானோ பெயர் வரிசைப்படிதான் கோப்புகளை எடுத்தது. ஆகவே மருத்துவ உதவிக் குழுவினர் தமக்குள் பேசும் குரூப் முன்னால் ஒலித்தது. அழைப்பை அறிவிக்கும் குரூப்பின் எண் பெரியது என்பதால் அது கடைசியில் வந்தது. ஒரு முதியவரைக் காப்பாற்ற இயலவில்லை என்று ஒருவர் தணிந்த குரலில் சொன்னதை முதலில் கேட்டேன். தேநீர் குடித்து முடித்த பிறகு, "மூச்சுத் திணறல், நினைவு இருக்கிறது, பேசுகிறார்" என்று அதே முகவரிக்கு ஆம்புலன்ஸை அனுப்பும் பேச்சு ஒலித்தது. முடிவு தெரிந்த ஒருவன் அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்பதை எழுத எனக்கு வரவில்லை. அதன் பிறகு நேர வரிசைக்கு மாற்றிக்கொண்டேன்.

அலைப்பித்தன்:

என் கதை சிறியது. புதிய கோப்பு தோன்றியதும் ஒலிக்கும்படி ஒரு ஸ்கிரிப்ட், அதாவது சிறு நிரல், எழுதப்பட்டிருந்தது. விமான அலைவரிசையில் ஒரு விமானி "எரிபொருள்" என்று தொடங்கினார். பதிவு அத்துடன் நின்று அடுத்த கோப்புக்குத் தாவிவிட்டது. எழுதி முடிக்கப்படாத கோப்பைக் கணினி எடுத்துவிட்டது என்பது புரிந்தும், கோப்புறையில் அதைத் தேடி முழுவதும் கேட்டு முடிக்கும் வரை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் எரிபொருள் நிரப்பும் இடத்தைத்தான் விசாரித்திருந்தார்.

இருவருக்கும் சில யோசனைகள் சொல்கிறேன். கோப்பு உருவாகும் கணத்தைக் கவனிக்காதீர்கள். லினக்ஸில் கோப்பு மாற்றங்களைத் தெரிவிக்கும் ஐநோட்டிஃபை வசதி வழியாக, கோப்பு எழுதி மூடப்படும் கணத்தைப் பிடிக்க முடியும். விண்டோஸில் கோப்பின் அளவு சில நொடிகளுக்கு மாறாமல் இருந்தால் ஒலிக்கச் சொல்லுங்கள். டிரங்க் ரெக்கார்டரில் ஓர் அழைப்பு முடிந்ததும் நமது ஸ்கிரிப்டை இயக்கும் வசதி உள்ளேயே இருக்கும்போது கோப்புறையைக் காவல் காப்பது வீண் வேலை. அடுத்து, ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அதன் நேரத்தைக் கணினியே வாசிக்கட்டும். "மூன்று பன்னிரண்டு" என்று ஒரு குரல் சொல்லியிருந்தால் மலையடிவாரத்தின் துணைவியார் பையைத் தேடியிருக்க மாட்டார். வரம்பு வைப்பதா வேண்டாமா என்ற வழக்குக்கும் இடமில்லை. நேரத்தை யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், குறித்து வையுங்கள். நவம்பரில் அமெரிக்கக் கடிகாரம் பின்னோக்கிப் போகும் இரவில் ஒரே மணி இரண்டு முறை வரும், உள்ளூர் நேரப்படி வரிசைப்படுத்தினால் கேள்வியும் பதிலும் கலந்துவிடும். வரிசை நீண்டால் தீயணைப்பை முன்னால் விட்டு, சாலைப் பராமரிப்பைப் பின்னால் தள்ளுங்கள். மறுஒலிபரப்புச் செய்ய நினைப்பவர்கள் தத்தம் நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்கென்று அனுப்பப்படாத செய்தியை வேண்டுமென்றே கேட்பதே குற்றம்.

சோழநாட்டான்:

நான் யோசனை கேட்கவில்லை, ஐயா. நேர வரிசைக்கு மாற்றிவிட்டதாக மேலேயே எழுதியிருக்கிறேன்.

புரூக்ளின்வாசி:

உங்களுக்குக் கேட்பதற்கு ஏதேனும் கிடைக்கிறது. நியூயார்க் நகரக் காவல்துறை 2023இல் புரூக்ளினின் சில பகுதிகளிலிருந்து தொடங்கி அனலாகை விட்டுக் குறியாக்கம் செய்த டிஜிட்டலுக்கு மாறியது நினைவிருக்கும். என்னிடம் இருந்ததோ பழைய அனலாக் ஸ்கேனர். அலை வந்தால் ஸ்குவெல்ச் (அலை இல்லாதபோது ஒலியை அடக்கி வைக்கும் பகுதி) திறக்கும், உள்ளே பேச்சா இரைச்சலா என்பது அதற்குத் தெரியாது. பின்னிரவில் விழித்துப் பார்த்தால், பக்கத்து அறையில் கணினி ஒரு கரகரப்பை ஒலித்து நிறுத்துகிறது, மீண்டும் ஒலிக்கிறது. ஒவ்வொன்றும் ஒருவர் பேசும் அளவுக்கே நீள்கிறது. இடையில் மற்றவர் பதில் சொல்லும் அளவுக்கு அமைதி. உரையாடல் ஒன்று நடக்கிறது என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. பழகிய அறிவிப்பாளர் அம்மாளின் குரல் இதில் எது என்று சிறிது நேரம் நின்று கேட்டேன்.

இப்போது தீயணைப்பு அலைவரிசைகளை மட்டும் வைத்திருக்கிறேன். அந்தக் கரகரப்புக் கோப்புகளை இன்னும் அழிக்கவில்லை; பேச்சையும் டிஜிட்டல் இரைச்சலையும் பிரித்து, ஒலிக்கும் முன்பே ஒதுக்கிவிடும் வடிகட்டி எதையாவது அலைப்பித்தன் பயன்படுத்தியிருந்தால் எழுதுங்கள். நான் யோசனை கேட்கிறேன்.